தறிச் சத்தமும் ஏழாம் வகுப்பும்

சங்கரன்கோவிலில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் ஊரே வேறு ஊராகிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும். எங்கள் பள்ளியின் மேற்குச் சன்னலுக்கு அப்பால் ஒரு தெரு தள்ளித் தறிக்கூடங்கள் இருக்கின்றன. மற்ற நாட்களில் காலை வழிபாட்டிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை ‘சடக் சடக்’ என்று ஒரே சீராக அந்தச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். மாறுதலில் வரும் ஆசிரியர்கள் முதல் வாரம் தலைவலி என்பார்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், “எந்தச் சத்தம்?” என்பார்கள்.

அப்படி ஒரு மின்தடை நாளில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் பயிற்சித்தாள் கொடுத்திருந்தேன். தறியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. வியர்த்தாலும் இன்று நிம்மதியாக எழுதுவார்கள் என்று நினைத்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு மாணவனால் மட்டும் உட்காரவே முடியவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டினான், முன்னால் இருந்தவன் சட்டைக் காலரை இழுத்தான், தண்ணீர் குடிக்க இரண்டுமுறை போனான். அவன் எப்போதுமே துறுதுறுப்பானவன்தான். ஆனாலும் அன்று அளவு மீறிவிட்டது. அருகில் அழைத்துக் கேட்டேன்.

“சத்தம் நின்னுட்டுல்லா டீச்சர். என்னமோ மாதிரி இருக்கு.”

சாக்கு என்று நினைத்து நிற்க வைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் அவன் அம்மா பள்ளிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “தறிக்குப் பக்கத்துலதான் டீச்சர் தொட்டில் கட்டிப் போட்டோம். இன்னைக்கும் ராத்திரி கரண்டு போய்த் தறி நின்னா முழிச்சிருவான். ஓடுனாத்தான் தூக்கம்.” அவர்கள் வீட்டின் முன்னறையே தறிக்கூடம். வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்தச் சத்தத்திற்குள்தான்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் காலாண்டு விடுமுறைக்குப் பின் எங்கள் வகுப்பைக் கிழக்குப் பக்கம் புதிதாகக் கட்டிய கட்டடத்தின் மாடிக்கு மாற்றினார்கள். தறிச் சத்தம் அங்கே எட்டாது. தொண்டை வலிக்காமல் பாடம் நடத்த முடிகிறதே என்று எனக்கு மகிழ்ச்சி. அந்த மாணவனுக்கோ தினமும் மின்தடை நாள் போலாகிவிட்டது. பத்து நிமிடத்தில் முடிக்கும் கணக்கை அரை மணி நேரத்திலும் அவன் முடிக்கவில்லை என்று கணக்கு ஆசிரியர் சொன்னார். அப்போதுதான் அவன் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இரைச்சல் கவனத்தைக் கெடுக்கும் என்றுதான் நமக்குப் பி.எட். வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சில பிள்ளைகளுக்கு அது கவனத்தைக் கொடுக்கவும் செய்யுமா? தேடிப் படித்தேன். படித்ததையும், வகுப்பறையில் செய்து பார்த்ததையும், அதில் நான் செய்த ஒரு தவறையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சல்லடையை ஆட்டுவது போல

ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கோரான் சோடர்லண்டும் அவருடைய குழுவினரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் நினைவாற்றல் தேர்வுக்கு உட்படுத்தினார்கள். ஒருமுறை அமைதியில், ஒருமுறை ‘வெள்ளை இரைச்சல்’ பின்னணியில். கவனக்குறைவு உள்ள பிள்ளைகள் இரைச்சலில் கூடுதலாக நினைவு வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதே இரைச்சல் இடைஞ்சலாக அமைந்தது.

2010இல் அதே குழு சாதாரணப் பள்ளி மாணவர்கள் 51 பேரிடம் இதைச் செய்து பார்த்தது. இங்கே மருத்துவர் சான்று எதுவும் தேவைப்படவில்லை. யார் கவனமானவர், யார் கவனம் சிதறுபவர் என்று வகுப்பாசிரியர்களே பிரித்துச் சொன்னார்கள். 78 டெசிபல் வெள்ளை இரைச்சலில் கவனம் சிதறும் பிள்ளைகள் முன்னேறினார்கள், கவனமான பிள்ளைகள் பின்தங்கினார்கள். கடைசியில் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்து நின்றார்கள். இதை முதலில் வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைச் சொல்லி முடியாது. இரண்டாம் பாதியை, அதாவது கவனமான பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்பதை, அந்த உற்சாகத்தில் நான் சரியாக வாசிக்கவில்லை.

வெள்ளை இரைச்சல் என்பது எது? எல்லா நிறங்களும் சேர்ந்தால் வெள்ளொளி என்று நாம் பாடம் நடத்துகிறோம் அல்லவா? அதுபோல நாம் கேட்கக்கூடிய எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த ஒலி இது. பழைய ரேடியோவில் நிலையம் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்தினால் ‘உஸ்’ என்று வருமே, கிட்டத்தட்ட அதுதான். தாழ்ந்த அதிர்வெண்கள் சற்றுத் தூக்கலாக இருந்தால் அதற்கு இளஞ்சிவப்பு இரைச்சல் என்று பெயர். சீராகப் பெய்யும் மழை இதற்கு நெருக்கமானது. இவற்றில் சொல் இல்லை, ராகம் இல்லை, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

அப்படி ஒன்றுமில்லாத ஒலி எப்படி உதவும்? இயற்பியலில் ‘ஸ்டோகாஸ்டிக் ரெசொனன்ஸ்’ என்று ஒரு கருத்து உண்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சல்லடையில் மாவைக் கொட்டிவிட்டு அசையாமல் பிடித்திருந்தால் மாவு இறங்காது. மெல்ல ஆட்டினால் இறங்கும். வேகமாக ஆட்டினால் மாவு வெளியே சிந்தும், கப்பியும் சேர்ந்து விழும். அதுபோல மூளைக்குள் தடையைத் தாண்ட முடியாமல் நிற்கும் மெலிந்த சமிக்ஞைக்குக் கொஞ்சம் இரைச்சல் ஒரு தள்ளு தருகிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு குறைந்த பிள்ளைகளுக்கு ஆட்டம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றும், ஏற்கெனவே போதுமான அளவு ஆடிக்கொண்டிருக்கும் மூளைக்கு மேலும் ஆட்டினால் சிந்திவிடும் என்றும் அந்தக் குழு விளக்கம் தருகிறது.

இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை 2024இல் வெளியானது. 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கவனக்குறைவு உள்ளவர்களுக்கு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு இரைச்சலால் நன்மை உண்டு, ஆனால் அது சிறியது என்று தெரிந்தது. அந்தக் குறைபாடு இல்லாதவர்களுக்குச் சிறிய அளவில் தீமையே விளைந்தது. இணையத்தில் பலரும் புகழும் ‘பழுப்பு இரைச்சல்’ பற்றி அவர்கள் பார்த்தவற்றில் ஓர் ஆய்வுகூட இல்லை. செல்பேசியில் ‘படிப்பதற்கான ஒலி’ என்று ஐந்து மணிநேரக் காணொளிகளைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மழை பெய்த வகுப்பு

சிறிய புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினேன். மழை ஒலி ஒன்றைச் செல்பேசியில் பதிவிறக்கிக்கொண்டேன். “இன்னைக்கு நம்ம வகுப்புல மட்டும் மழை” என்று சொல்லி, பலகைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியை வைத்தேன். வகுப்பு கைதட்டியது. கோடைவெயில் ஊர் அல்லவா?

முதல் நாள் வேடிக்கையிலேயே போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து வேடிக்கை அடங்கியது. நான் எதிர்பார்த்தது நடந்தது. அந்த மாணவன் குனிந்த தலை நிமிராமல் ஒரு பக்கம் முழுவதும் எழுதினான். இன்னும் இரண்டு பேர் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தார்கள். எனக்குத் துணிச்சல் கூடிவிட்டது. எழுத்து வேலைக்கு மட்டும் என்று தொடங்கியது, பாடம் விளக்கும்போதும், சொல்வதை எழுதும்போதும் தொடர்ந்தது.

இரண்டாம் வாரம் சொல்வதை எழுதுதல் நோட்டுகளைத் திருத்தும்போது ஒரு மாணவியின் நோட்டில் பிழைகள் மலிந்திருந்தன. ‘ஒளி’ என்று சொன்ன இடத்தில் ‘கிளி’ இருந்தது. சில சொற்களுக்கு இடம் மட்டும் விடப்பட்டிருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை. “கவனம் எங்கே இருக்கு?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நின்றாள். மறுநாளும் அப்படியே. கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். பக்கத்தில் உட்காரும் சிறுமிதான் சொன்னாள்: “அவளுக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்காது டீச்சர். சீழ் வரும்.”

பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. பழைய அறையில் அவள் முதல் வரிசையில் இருந்தாள். என் வாயைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டிருக்கிறாள். புதிய அறைக்கு வந்ததும் நான் உயர வரிசைப்படி உட்கார வைத்தேன். உயரமான பிள்ளை, கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அமைதியான அறை என்பதால் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்தாள். அதன்மேல் நான் மழையைப் பெய்ய விட்டேன். ஒரு பிள்ளைக்கு வழி திறந்த அதே ஒலி இன்னொரு பிள்ளையின் காதை அடைத்திருக்கிறது. அதற்கு அவளிடமே கோபித்துக்கொண்டும் இருக்கிறேன். அவளிடமும் அவள் அம்மாவிடமும் வருத்தம் தெரிவித்தேன். அன்றே ஒலிபெருக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பள்ளிகளுக்கு வரும் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் மருத்துவக் குழுவினரிடம் அவளைக் காட்டினோம். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகளின் செவித்திறன் குறைபாடும் நடுச்செவிச் சீழும் பரிசோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கின்றன. அவர்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரையோடு அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போனார்கள். செவிப்பறையில் துளை. சிகிச்சை நடக்கிறது. காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது முதல் வரிசையில், கேட்கும் காது என் பக்கம் இருக்கும்படி உட்காருகிறாள்.

கடைசி வரிசையின் கணக்கு

இந்த நிகழ்ச்சிக்குப் பின்தான் இரைச்சலைப் பற்றிய மறுபக்க ஆய்வுகளை ஒழுங்காகப் படித்தேன். முதலில் ஓர் எளிய கணக்கு. நான் பேசும் குரல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 65 டெசிபல் என்று கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் 59, நான்கில் 53, எட்டில் 47. அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இந்த அளவுக்குக் குறையாது. ஆனால் அந்த எதிரொலியே சொல்லைக் குழப்பவும் செய்யும். பிள்ளைகளுக்குப் பேச்சு தெளிவாக விளங்க, ஆசிரியர் குரல் பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது ஒலியியலார் சொல்லும் அளவு. நிறைவான காது உள்ள பிள்ளைக்கே இப்படி. கடைசி வரிசையில் ஒற்றைக் காதோடு உட்கார்ந்திருந்தவளுக்கு நான் எவ்வளவு மிச்சம் வைத்தேன் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பாடவேளையில் வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்க வழிசெய்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபல்தான் உச்சவரம்பு. இந்த விதியை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்காரர்களோடு சண்டைக்குப் போகலாமா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப்பேருக்கு அந்தத் தறிதான் சோறு. ஆடித்தபசு சமயத்தில் பள்ளிச் சுவரை ஒட்டிக் கட்டும் குழாய் ஒலிபெருக்கியைத் திருப்பிக் கட்டச் சொல்வது வேறு. அதைக் கேட்டோம், திருப்பிக் கட்டினார்கள்.

நீண்டகால இரைச்சல் என்ன செய்யும் என்பதற்கு நியூயார்க் நகரத்துப் பள்ளி ஒன்றின் கதையைவிட நல்ல சான்று கிடையாது. மன்ஹாட்டன் பகுதியின் 98ஆம் எண் பொதுப்பள்ளியின் ஒரு பக்க வகுப்பறைகளை ஒட்டி உயர்மட்ட ரயில் பாதை. நான்கரை நிமிடத்துக்கு ஒரு ரயில். அது கடக்கும் அரை நிமிடம் ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அர்லீன் பிரான்சாப்ட் என்ற உளவியல் ஆய்வாளர் அதே பள்ளியில் ரயில் பக்கத்து வகுப்புகளையும் எதிர்ப்பக்கத்து அமைதியான வகுப்புகளையும் ஒப்பிட்டார். ஆறாம் வகுப்பை எட்டும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். 1975இல் இது வெளிவந்தது. அதன்பின் தண்டவாளத்தில் ரப்பர் திண்டுகள் பொருத்தினார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் வைத்தார்கள். 1981இல் வெளியான அடுத்த ஆய்வில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை! சத்தம் குறைந்திருந்தது.

லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் நகரங்களின் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள 89 பள்ளிகளில், 9 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 2,800க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. விமானச் சத்தம் கூடக்கூட வாசித்துப் பொருளுணரும் திறன் குறைந்தது. சாலை இரைச்சலுக்கு அந்தத் தொடர்பு காணப்படவில்லை. விமானம் விட்டுவிட்டு வருவது, எழும்பி அடங்குவது. சாலை இரைச்சலில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. தறியும் சீரான ஒலிதான். என் மாணவனுக்கு அது பழகிய தாலாட்டாக அமைந்ததில் வியப்பில்லை. ஆனாலும் தறிக்கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டும் ஒலியில் நாள் முழுதும் இருக்கும் பிள்ளையின் காது என்ன ஆகும் என்ற கேள்வி தனி. மருத்துவக் குழு வந்த அன்று அவனுடைய காதையும் பரிசோதிக்கச் செய்தேன். குறை இல்லை என்றார்கள். இந்தப் பரிசோதனையை ஒலிபெருக்கி வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டும்.

எல்லா இரைச்சலிலும் மோசமானது எது தெரியுமா? பொருள் விளங்கும் பேச்சு. 1970களிலிருந்து உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது. மனத்துக்குள் சொற்களை வரிசையாகப் பிடித்து வைத்துக்கொள்ள முயலும்போது பக்கத்தில் யாராவது பேசினால் வரிசை குலைந்துவிடுகிறது. நாம் அதைக் கேட்கவே வேண்டாம் என்று நினைத்தாலும் குலைகிறது. திருவிழாப் பாட்டு ஓடும்போது பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டே உதடசைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் ‘மென்மையான பாட்டுப் போட்டால் படிப்பு ஏறும்’ என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் சொல் இருந்தால், மனப்பாட வேலைக்கு அது எதிரி.

இதைவிட நமக்கு நெருங்கிய பிரச்சினை ஒன்று உண்டு. ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். நான்காம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, ஐந்தாம் வகுப்பு கட்டுரை எழுத வேண்டும். என் முதல் பணியிடத்தில் நடுவில் ஒரு கரும்பலகைதான் தடுப்பு. அங்கே நான் குரலை உயர்த்தினால் அடுத்த ஆசிரியரும் உயர்த்துவார். பிள்ளைகளும் உயர்த்துவார்கள். எட்டியென் லம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதை விவரித்திருக்கிறார். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமல் குரலைக் கூட்டுவர். ஆசிரியர்களின் தொண்டை கெடுவது இப்படித்தான். அந்த அறையில் நாங்கள் கண்டுபிடித்த ஒரே வழி, நேரத்தைப் பிரித்துக்கொண்டது. அவர் வாய்மொழி வேலை தரும்போது நான் வரைதல், செய்முறை தருவேன். நான் கதை சொல்லும்போது அவருடைய வகுப்பு எழுதும். எந்தக் கருவியும் தேவைப்படவில்லை, இரண்டு ஆசிரியர்களுக்கிடையே பேச்சுவார்த்தை மட்டும் தேவைப்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு வகுப்பறையில் ஊசி விழுந்தால் கேட்க வேண்டும் என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலமெங்கும் வந்தபோது, “என்ன இது, சந்தைக்கடை மாதிரி” என்று பெற்றோர்கள் கேட்டார்கள். அட்டையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தமக்குள் பேசிக் கற்ற சத்தம் அது. இன்று எண்ணும் எழுத்தும் வகுப்புகளிலும் அந்தச் சத்தம் உண்டு. பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் முழங்கிய திண்ணைப் பள்ளியும் அமைதியான இடமல்ல. கற்றலுக்காக எழும் ஓசை அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னணி அல்ல, அதுவே வேலை. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று தாழ்வாரத்தில் நின்று தீர்ப்பெழுதுவோரிடம் எனக்கு எப்போதும் வழக்கு உண்டு. நான் இங்கே பேசுவது தனியாக உட்கார்ந்து வாசிக்கும், எழுதும் நேரத்தைப் பற்றி மட்டும்.

இப்போது செய்வது

ஒலிபெருக்கியை ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அதற்கு முன் செலவில்லாத வேறொன்றைச் செய்தேன். எங்கள் புதிய அறையின் மூன்று மின்விசிறிகளில் ஒன்று பழைய கட்டடத்திலிருந்து கழற்றி மாட்டியது. ‘கடகட’ என்று ஓயாமல் ஒலிக்கும். பழுது பார்க்கச் சொல்லி எழுதியிருந்தேன். அந்த மாணவனை அதன் நேர் கீழே உட்கார வைத்தேன். மழை இல்லாமலே வேலை நடந்தது. அந்த இடம் என் மேசைக்கும் பக்கம். ஆகவே விசிறிக்குப் பாதிப் புகழ்தான் கொடுக்க முடியும். மீதி, ஆசிரியர் அருகில் இருப்பதற்கு உரியது. பழுதுபார்க்கும் கடிதத்தை இன்னும் நினைவூட்டவில்லை.

அந்த மாணவியை விசிறிக்கு எதிர் மூலையில், முன்வரிசையில் அமர்த்தினேன். அதாவது வகுப்பறைக்குள்ளேயே சத்தமான மூலை, அமைதியான மூலை என்று இரண்டு உண்டு என்பதைக் கண்டு, பிள்ளைகளுக்கு ஏற்றபடி இடம் கொடுப்பதுதான் செய்தது. உயர வரிசையை விட்டுவிட்டேன்.

ஒலிபெருக்கி வாரத்தில் இரண்டு முறை, தனி எழுத்து வேலையின்போது பதினைந்து நிமிடம். பலகைக்குப் பக்கத்தில் அல்ல, பின்பக்கச் சுவரோரம். நான் சாதாரணக் குரலில் ஒரு பெயரைச் சொன்னால் அறையின் எந்த மூலையிலும் விளங்க வேண்டும். அதற்கு மேல் ஒலி போகக் கூடாது. ஆய்வகத்தில் 78 டெசிபல் வைத்தார்கள் என்றால் அது ஒரு சிறு தேர்வு நேரத்துக்கு மட்டும். எட்டுப் பாடவேளைக்கு அல்ல. நான் பேசும்போது, பிள்ளைகள் உரக்க வாசிக்கும்போது, சொல்வதை எழுதும்போது ஒலிபெருக்கி நின்றுவிடும். ஒரு பிள்ளை வேண்டாம் என்று கை தூக்கினாலும் நின்றுவிடும். காரணம் கேட்பதில்லை. அந்த மாணவி முதல் வாரத்தில் இரண்டு முறை கை தூக்கினாள். தூக்கியதே எனக்குப் பெரிது.

அறையில் எழும் வீண் சத்தத்தையும் குறைத்தோம். மேசை, நாற்காலிக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியதில் இழுக்கும் ஓசை பெரும்பகுதி நின்றது. பின்சுவரில் தடித்த சாக்குத் துணியை மடித்துத் தொங்கவிட்டு, அதன்மேல் பிள்ளைகளின் படைப்புகளைக் குத்தி வைத்தோம். எதிரொலி கொஞ்சம் மட்டுப்பட்டது. முட்டை அட்டைகளை ஒட்டலாம் என்று பலர் சொன்னார்கள். அவை வெளிச் சத்தத்தைத் தடுக்காது, தூசிதான் சேரும்.

தேர்வறை அமைதியாகத்தான் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அரையாண்டுக்கு மூன்று வாரம் முன்பிருந்து அந்த மாணவனின் இடத்து விசிறியை ஒருநாள் விட்டு ஒருநாள் நிறுத்தினேன். வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்று முடிந்ததும் எழுந்து வந்து காட்டச் சொன்னேன். நடப்பதும் அவனுக்கு ஓர் ‘ஆட்டம்’தானே. அரையாண்டில் எல்லாத் தாள்களையும் முடித்திருந்தான். மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. விடாத கேள்வி என்று ஒன்றும் இல்லாமல் முன்பு அவன் தாள் பாதி வெறுமையாக இருக்கும், இம்முறை கடைசிப் பக்கம் வரை எழுத்து இருந்தது. அவனுக்குக் கவனக்குறைபாடு என்று பெயர் சூட்ட எனக்குத் தகுதி இல்லை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பார்த்திருக்கிறார். மேற்கொண்டு மாவட்ட மையத்தில் காட்ட அவன் பெற்றோரிடம் பேசி வருகிறோம்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் அலகு வரும்போது இதையே பாடமாக்கலாம். டெசிபல் காட்டும் இலவசச் செயலி ஒன்றைச் செல்பேசியில் போட்டு, மாணவர்களை ஐந்து குழுவாக்கி, வாயில், தாழ்வாரம், முதல் வரிசை, கடைசி வரிசை, மைதானம் என்று ஒரே செல்பேசியால் மாறிமாறி அளக்கச் சொன்னேன். செல்பேசி காட்டும் எண் துல்லியமானதல்ல. ஆனால் ஒரே கருவியால் அளந்தால் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம் ஓரளவு சரியாகத் தெரியும். பள்ளியின் வரைபடத்தில் சத்தமான இடத்துக்குச் சிவப்பு, அமைதியான இடத்துக்குப் பச்சை என்று தீட்டினார்கள். அதில் மிகச் சிவப்பாக வந்த இடம் தறிக்கூடத்துப் பக்கமல்ல. மதிய உணவுத் தட்டுகள் கழுவும் குழாயடி. அதை ஒட்டிய அறை ஒன்றாம் வகுப்பு. தலைமையாசிரியரிடம் வரைபடத்தைக் காட்டினோம். அடுத்த வாரம் ஒன்றாம் வகுப்பும் பொருள் வைப்பறையும் இடம் மாறிக்கொண்டன.

அடுத்த மின்தடை நாளில் மீண்டும் அளக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். தறி ஓடும் நாள், ஓடாத நாள் என்று இரண்டு வரைபடங்கள். மின்வாரிய அறிவிப்பு நாளிதழில் வந்ததும் வெட்டிக் கொண்டுவரும் பொறுப்பை ஏழாம் வகுப்பிலிருந்து அந்த மாணவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.